டியூலிப் ஃபோட்டோ எடுப்பது எப்படி? (சிவப்புப் பூதான் பெரிய தலைவலி)

ஏப்ரல் பிறந்தால் நெதர்லாந்தில் இருக்கும் நம்மாட்களின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் முழுக்க டியூலிப்தான். பாதிப் படங்களில் சிவப்புப் பூ மட்டும் பெயிண்டைக் கொட்டிய மாதிரி ஒரே திட்டாக இருக்கும். இதழில் கோடும் தெரியாது, மடிப்பும் தெரியாது. என்னையும் ரொம்ப நாள் படுத்தியெடுத்த விஷயம் அது. அதனால் சிவப்புக்கான படியை (படி 3) மட்டும் விலாவாரியாக எழுதுகிறேன். அப்பர்ச்சர், ஷட்டர், ஐஎஸ்ஓ எல்லாம் தெரியும் என்றே வைத்துக்கொள்கிறேன்.

படி 1: எப்போது, எங்கே

லிஸ்ஸ ஊரில் இருக்கும் கியூகென்ஹாஃப் தோட்டம் மார்ச் மூன்றாம் வாரத்திலிருந்து மே நடுப்பகுதி வரைதான் திறந்திருக்கும். 32 ஹெக்டேர், சுமார் 70 லட்சம் கிழங்குகள். டியூலிப்புக்காகவே போவதென்றால் ஏப்ரல் நடுவில் போங்கள். மார்ச்சில் குரோக்கஸ், டாஃபோடில் என்ற வேறு பூக்கள்தான் அதிகம் கண்ணில் படும்.

வாரநாளில் காலை 8 மணிக்கு, திறந்ததுமே உள்ளே நுழைந்துவிடுங்கள். கூட்டம் குறைவு என்பது ஒரு காரணம். இன்னொன்று, டியூலிப் குளிரில் மூடிக்கொள்ளும், சூடு ஏற ஏற விரியும். அந்தக் கோப்பை வடிவம் வேண்டுமென்றால் காலைதான். மதியம் மல்லாக்க விரிந்துவிட்டால் அழகு போச்சு என்று நகர்ந்துவிடாதீர்கள். நேர் மேலிருந்து உள்ளே எட்டிப் பாருங்கள். பல வகைகளில் அடியில் கறுப்போ மஞ்சளோ நட்சத்திரம் போட்டிருக்கும், அதைச் சுற்றி ஆறு மகரந்தத் தாள்கள். அது தனிப் படம்.

மேகமூட்டம் என்றால் இன்னும் நல்லது. உச்சி வெயிலைவிட அந்த வெளிச்சம் பூவுக்கு நூறு மடங்கு மேல்.

தோட்டத்துக்கு வெளியே வயல்களுக்கும் போகலாம், சைக்கிள் எடுத்துக்கொண்டால் வசதி. ஆனால் வயலுக்குள் மட்டும் இறங்காதீர்கள். அது ஒருவருடைய சொந்த நிலம், செருப்பில் ஒட்டிப்போகும் மண்ணோடு நோயும் போகும். அங்கே விவசாயிக்கு விளைச்சல் என்பதே மண்ணுக்குள் இருக்கும் கிழங்குதான். அது பருக்க வேண்டும் என்பதற்காக, பூத்த கொஞ்ச நாளில் இயந்திரத்தை விட்டுப் பூத்தலைகளை வெட்டிவிடுவார்கள். இன்றைக்கு ரத்தச் சிவப்பாகப் பார்த்த வயல் அடுத்த வாரம் வெறும் பச்சையாக நிற்கும். அதனால் 'அப்புறம் வந்து எடுத்துக்கலாம்' என்று தள்ளிப்போட வேண்டாம்.

படி 2: லென்ஸ்

மிக அருகில் எடுப்பதற்கான மேக்ரோ லென்ஸ் வாங்கச் சொல்வார்கள், வேண்டாம். 55-250 அல்லது 70-300 மி.மீ. மாதிரி சாதாரண ஜூம் போதும். 200-ல் வைத்துத் தூரத்திலிருந்து எடுத்தால் வரிசைகள் ஒன்றோடொன்று நெருங்கி, பூக்கள் அடர்த்தியாகத் தெரியும். வைட் ஆங்கிளில் அதே பாத்தி இடைவெளி இடைவெளியாக, கூடவே நாலு பேரின் செல்ஃபி ஸ்டிக்கோடு வரும்.

காசு செலவழித்தே ஆக வேண்டுமென்றால் ஒரு போலரைசர் ஃபில்டர் வாங்குங்கள். டியூலிப் இதழிலும் இலையிலும் மெழுகு பூசிய மாதிரி ஒரு பளபளப்பு உண்டு. ஃபில்டரை மெல்லத் திருப்பினால் அந்த வெள்ளைப் பூச்சு விலகி அடியில் இருக்கும் நிறம் வெளியே வரும்.

படி 3: சிவப்பு

இங்கே கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

கேமரா சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்றாகப் பிரித்துத்தான் வெளிச்சத்தை வாங்குகிறது. சிவப்பு டியூலிப்பிலிருந்து வருவதில் பெரும்பங்கு சிவப்பு சேனலில் போய் விழும். வெளிச்சத்தை அளக்கும் மீட்டரோ படம் முழுவதையும் கணக்கிட்டு 'எக்ஸ்போஷர் சரி' என்று சொல்லிவிடும். வெள்ளை நிறத்தில் ஒற்றைக் கோடாக வரும் ஹிஸ்டோகிராமும் (படத்தின் வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடம்) சாதுவாகத்தான் நிற்கும். ஆனால் சிவப்பு சேனல் மட்டும் நிரம்பி வழிந்திருக்கும். வழிந்த இடத்தில் விவரம் பதிவாகாது.

செய்ய வேண்டியவை: கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா ஃபைலில் எடுங்கள். பிக்சர் ஸ்டைலை 'விவிட்'-டிலிருந்து 'நியூட்ரல்'-க்கு மாற்றுங்கள். ஹிஸ்டோகிராம், கேமரா இந்த ஸ்டைலைப் போட்டுத் தயாரிக்கும் ஜேபெக் படத்தை வைத்துத்தான் வரையப்படுகிறது, விவிட் இருந்தால் அது சிவப்பை ஊதிக் காட்டும். பிறகு மெனுவில் மூன்று நிறமும் தனித்தனியாகத் தெரியும் ஆர்ஜிபி ஹிஸ்டோகிராமை ஆன் செய்யுங்கள். ஒரு படம் எடுத்துப் பாருங்கள். சிவப்புக் கோடு வலது சுவரில் முட்டிக்கொண்டு நின்றால் எக்ஸ்போஷர் காம்பென்சேஷன் (படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பு) -0.7. இன்னும் முட்டுகிறதா? -1, தேவைப்பட்டால் -1.3. சுவரிலிருந்து விலகும் வரை குறையுங்கள். ஸ்க்ரீனில் படம் இருட்டாகத் தெரியும், பயப்பட வேண்டாம். இலைப் பச்சையை வீட்டில் தூக்கிக்கொள்ளலாம்.

வெள்ளை டியூலிப் ஃப்ரேம் முழுக்க நிறைந்திருந்தால் கதை தலைகீழ், +0.7 கொடுக்காவிட்டால் அழுக்கு வெள்ளையாக வரும். 'குயின் ஆஃப் நைட்' என்ற கருநிறப் பூவுக்கு மறுபடியும் மைனஸ்.

படி 4: கிளிக்

பூவின் உயரத்துக்கு இறங்குங்கள். மண் ஈரமாக இருக்கும், முட்டி போட ஒரு பிளாஸ்டிக் பை கையில் இருக்கட்டும். சூரியன் பூவுக்குப் பின்னால் இருக்கும்படி நின்றால் இதழ் உள்ளிருந்து எரிவது போலத் தெரியும். ஆனால் லென்ஸ் மேல் நேராக வெயில் படாமல் கையால் மறைத்துக்கொள்ளுங்கள். ஒற்றைப் பூவுக்கு எஃப்/4, வரிசைக்கு எஃப்/8 அல்லது எஃப்/11. ஃபோகஸ் உங்களுக்கு அருகில் இருக்கும் இதழின் விளிம்பில். அந்த ஊர்க் காற்று நிற்கவே நிற்காது, ஷட்டரை 1/500-க்குக் கீழே விடாதீர்கள், ஐஎஸ்ஓ ஏறினால் ஏறட்டும்.

படி 5: எடிட்டிங்

நான் டார்க்டேபிள் என்ற எடிட்டரைத்தான் பயன்படுத்துகிறேன், இலவசம். லைட்ரூம் வைத்திருப்பவர்கள் சாச்சுரேஷன் ஸ்லைடரைத் தொடாமல், சிவப்பின் லூமினன்ஸை (பிரகாசத்தை) மட்டும் கொஞ்சம் இறக்கிப் பாருங்கள், இதழின் கோடுகள் எழும்பி வரும்.

பின்சேர்க்கை

கமெண்டில் பலர் கேட்ட கேள்வி: 'எடிட்டரில் நன்றாக இருக்கிறது, அப்லோட் செய்தால் நிறம் செத்துப்போகிறதே?' அடோபி ஆர்ஜிபி என்ற நிற முறையில் எக்ஸ்போர்ட் செய்திருப்பீர்கள். இணையத்தில் வழக்கமான எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றுங்கள்.

ஃபோன்காரர்களுக்கு: பூவின் மேல் விரலை வைத்து அழுத்திப் பிடித்தால் ஃபோகஸ் லாக் ஆகும், பக்கத்தில் வரும் சூரியப் படத்தைக் கீழே இழுங்கள். இதுதான் உங்கள் -0.7. 2எக்ஸ் அல்லது 3எக்ஸ் லென்ஸில் எடுங்கள். போர்ட்ரெய்ட் மோட் வேண்டாம், காம்பையும் இதழ் விளிம்பையும் அது அரைகுறையாக மங்கலாக்கிவிடும்.

லிஸ்ஸ வரை போக முடியாதவர்கள் கடையில் ஒரு கட்டு வாங்கி ஜன்னலோரம் வைத்தே பழகலாம். வெயில் நேரடியாக விழுந்தால் மெல்லிய வெள்ளைத் திரை போடுங்கள். ஒரு விஷயம்: டியூலிப் வெட்டிய பிறகும் வளரும், வெளிச்சத்தின் பக்கம் வளையும். மாலையில் ஃப்ரேம் செய்து வைத்துவிட்டுக் காலையில் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டால் எல்லாம் இடம் மாறியிருக்கும். அடுக்கிய கையோடு எடுத்துவிடுங்கள்.