விமானப்படையிலும் ஏர்லைன்ஸிலும் பறந்தவருக்கு நினைவு மலர் தயாரிப்பது எப்படி?

கும்பகோணம், மன்னார்குடி, திருவையாறு பக்கத்து வீடுகளில் பெரியவர் ஒருவர் காலமானால், பதினாறாம் நாள் படத்திறப்புக்குள் எல்லாவற்றையும் முடித்துவிட அவசரப்படுகிறோம். ஃப்ளெக்ஸ் கடைக்காரர் கேட்கும் நாலு வரிக்கு "வானத்தை ஆண்டவர்" என்று எழுதிக் கொடுத்துவிடுகிறோம். விமானப்படையில் பாதி வாழ்க்கை, பயணிகள் விமானத்தில் மீதி வாழ்க்கை என்று இருந்தவருக்கு இது போதவே போதாது. தன் ஒவ்வொரு பறப்பையும் அவரே கைப்பட எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அதைப் படிக்கத் தெரிந்துகொண்டு எழுதுவதுதான் அவருக்குச் செய்யும் மரியாதை.

வேலையை இரண்டாகப் பிரியுங்கள். பதினாறாம் நாளுக்குப் படமும் ஒரு பக்கக் குறிப்பும் போதும். புத்தகம் தலைத்திவசத்துக்கு வரட்டும். பதினாறு நாளில் அச்சான மலரில் பதவிப் பெயரும் ஆண்டும் தப்பாக வருவதைத் தடுப்பது கஷ்டம். அந்தத் தப்புத்தான் பேரப்பிள்ளைகள் காலம்வரை நிற்கும்.

படம்

சீருடைப் படம் என்றால் முதலில் அது திருப்பிப் போட்ட படமா என்று பாருங்கள். நெகட்டிவைப் புரட்டி வைத்துப் பிரிண்ட் போட்டிருக்கலாம், டிசைன் செய்பவர் முகம் உள்பக்கம் பார்க்கட்டும் என்று புரட்டியிருக்கலாம். விமானியின் விங்ஸ் (சிறகு வடிவச் சின்னம்) இடப்பக்க மார்புப் பைக்கு மேலே இருக்கும், பதக்கங்களும் அதே பக்கம்தான். ஆண்கள் சட்டையில் இடப்பக்கத் துணிதான் மேலே வரும். இது மாறியிருந்தால் படம் புரண்டிருக்கிறது.

அடுத்து, தோளிலோ சட்டைக் கை நுனியிலோ உள்ள பதவிப் பட்டைகளை எண்ணுங்கள். விமானப்படையில் ஃப்ளைட் லெஃப்டினன்டுக்கு இரண்டு பட்டை. ஸ்குவாட்ரன் லீடருக்கு அந்த இரண்டுக்கும் நடுவே மெல்லியது ஒன்று. விங் கமாண்டருக்கு மூன்று, குரூப் கேப்டனுக்கு நான்கு. ஏர்லைன்ஸ் கேப்டனுக்கும் நான்குதான், ஆனால் தங்க நிறம். கறுப்பு வெள்ளைப் படத்தில் நிறம் தெரியாது. அதனால் ஏர்லைன்ஸ் படத்தைப் பார்த்து "குரூப் கேப்டன்" என்று போட்டுவிடுவார்கள். தொப்பிச் சின்னத்தைப் பெரிதாக்கிப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

பெயருக்கு முன் வெறும் "கேப்டன்" என்று போட்டால் தரைப்படை கேப்டன் என்றே பாதிப்பேர் நினைப்பார்கள். "விங் கமாண்டர்", பிறகு பெயர், பெயருக்குப் பின் "(ஓய்வு)" என்பதே வழக்கம். ஏர்லைன்ஸ் பதவி அடுத்த வரியில் தனியாக வரட்டும். அசோகச் சிங்க முத்திரையை ஃப்ளெக்ஸில் போடாதீர்கள். 2005-ஆம் ஆண்டுச் சட்டப்படி தனியார் அதைப் பயன்படுத்தக் கூடாது.

லாக்புக்

விமானி தன் ஒவ்வொரு பறப்பையும் குறித்து வைக்கும் பதிவேடு இது. பெரும்பாலும் பீரோவின் அடித்தட்டில், பத்திரங்களோடு இருக்கும். நீள அகலமான கெட்டி அட்டைப் புத்தகம், ஒன்றுக்கு மேல் இருக்கலாம். உட்கார்ந்து பொறுமையாகப் படிக்க வேண்டியது இதைத்தான்.

ஒரு வரி இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்: தேதி, "டகோட்டா" என்ற விமான வகை, விமானத்தின் எண், விமானி என்ற பத்தியில் "செல்ஃப்", அடுத்ததில் இன்னொருவர் பெயர், வேலை என்ற பத்தியில் "சப்ளை டிராப்" (வானிலிருந்து பொருட்களைப் போடுவது), கடைசியில் 2.45. "செல்ஃப்" என்றால் அன்று விமானத்தின் பொறுப்பு அவருடையது. அந்த இடத்தில் வேறொருவர் பெயர் இருந்து, இவர் பெயர் இரண்டாவதாக இருந்தால் துணை விமானியாகப் போயிருக்கிறார். "செல்ஃப்" முதன்முதலில் எந்தத் தேதியில் வருகிறது என்று தேடிக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு விமானியின் வாழ்க்கையில் அது பெரிய நாள், மலரில் கட்டாயம் வரவேண்டிய நாள்.

2.45 என்பது இரண்டு மணி நாற்பத்தைந்து நிமிடம். இதை எக்செல்லில் சாதாரண எண்ணாக அடித்துக் கூட்டுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. 1.30-ஐயும் 1.45-ஐயும் அப்படிக் கூட்டினால் 2.75 வரும். சரியான விடை 3 மணி 15 நிமிடம். 1:30 என்று முக்காற்புள்ளி வைத்து அடியுங்கள். செல் வடிவத்தில் நேரம் என்பதற்குள் 37:30:55 என்ற மாதிரியைத் தேர்ந்தெடுங்கள். இல்லையென்றால் 24 மணியைத் தாண்டியதும் கூட்டல் மறுபடி பூஜ்யத்தில் தொடங்கும். சில ஏர்லைன்ஸ் புத்தகங்களில் பின்னம் இருக்கும், அங்கே 1.5 என்பது ஒன்றரை மணி. முதல் பத்துப் பக்கத்தைப் பாருங்கள்: புள்ளிக்குப் பின் எப்போதும் ஒற்றை இலக்கமே வந்தாலோ, 60-க்கு மேற்பட்ட எண் வந்தாலோ அது பின்னம்.

எதற்கும் மாதக் கடைசியில் மேலதிகாரி கையெழுத்திட்ட மொத்தத்தையே நம்புங்கள். விமானப்படைக் கணக்கு பெரும்பாலும் ஓடுபாதையை விட்டு எழுந்ததிலிருந்து தரையிறங்கும்வரை. ஏர்லைன்ஸில் விமானம் நின்ற இடத்தைவிட்டு நகர்ந்ததிலிருந்து மறுபடி நிற்கும்வரை. அதனால் இரண்டையும் கூட்டி ஒரே எண்ணாகப் போடாமல், தனித்தனியே போடுங்கள்.

வெளிநாட்டுத் தடங்களில் நேரம் யூடிசி-யில், அதாவது உலகப் பொது நேரத்தில் இருக்கும். அதோடு ஐந்தரை மணி கூட்டினால்தான் நம் நேரம். இரவு 20:00 என்று எழுதியிருந்தால் இங்கே மறுநாள் அதிகாலை 1:30, தேதியே மாறிவிடும். ஊர்ப் பெயருக்குப் பதில் நான்கெழுத்துக் குறி இருக்கும். வி.ஓ.டி.ஆர். என்றால் திருச்சி, வி.ஓ.எம்.எம். சென்னை, வி.சி.பி.ஐ. கொழும்பு கட்டுநாயக்கா. திருச்சியில் இறங்கிய நாட்களை மட்டும் தனியாக எடுத்து எழுதுங்கள். சொந்த ஊருக்கு மேலே காவிரியையும் கொள்ளிடத்தையும் பார்த்துக்கொண்டு அவர் இறங்கிய நாட்கள் அவை. ஊர்க்காரர்கள் முதலில் தேடுவதும் அந்தப் பக்கமாகத்தான் இருக்கும்.

போர் பற்றி வீட்டில் சொல்லும் கதையையும் லாக்புக்கோடு ஒப்பிடுங்கள். 1971 போர் டிசம்பர் 3 முதல் 16 வரை. அந்தப் பதினான்கு நாள் பக்கத்தை ஒரு வரி விடாமல் படியுங்கள். டிசம்பர் 11 அன்று இன்றைய வங்கதேசத்தின் டாங்கைலில் பாராசூட் வீரர்களை இறக்கியதில் டகோட்டா, பாக்கெட், கரிபு, ஏ.என்.-12 விமானங்கள் பறந்தன. அவர் அந்த நாளில் வேறெங்கோ பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தால் அதையே எழுதுங்கள். பயிற்சி கொடுப்பவர் இல்லாமல் எந்தப் படையும் பறக்காது.

ஏர்லைன்ஸ் காலத்துக்கும் இதே சோதனை பொருந்தும். இந்தியன் ஏர்லைன்ஸுக்கு விஸ்கவுன்ட் விமானம் 1957-இல் வந்தது, ஃபோக்கர் 1961, கேரவெல் 1964, ஏ-300 ஏர்பஸ் 1976, ஏ-320 1989. பெரும்பாலும் உள்நாட்டில் பறந்த இந்தியன் ஏர்லைன்ஸும் வெளிநாடு பறந்த ஏர் இந்தியாவும் 2007-இல்தான் ஒன்றாயின. 1978-இல் இந்தியன் ஏர்லைன்ஸில் இருந்தவரை "ஏர் இந்தியா விமானி" என்று எழுதாதீர்கள்.

லாக்புக் கிடைக்காத வீடும் உண்டு. 20 ஆண்டு சேவை முடித்த அதிகாரி என்றால் ஓய்வூதிய உத்தரவில் சேவை எண், பதவி, சேர்ந்த, விலகிய தேதிகள் இருக்கும். பிள்ளைகளின் பள்ளி மாற்றுச் சான்றிதழும் கைகொடுக்கும். கேந்திரிய வித்யாலயாவில் எந்த ஊரில் எந்த மாதம் சேர்ந்தார்கள், எப்போது விலகினார்கள் என்று அடுக்கினால் அப்பாவின் இடமாறுதல் வரிசை அப்படியே வந்துவிடும்.

பதக்கங்கள்

புளி போட்டுத் தேய்க்காதீர்கள். குத்துவிளக்குக்குச் சரி, பதக்கத்துக்கு ஆகாது. விளிம்பில் பொறித்திருக்கும் சேவை எண்ணும் பெயரும் மழுங்கிவிடும். பூதக்கண்ணாடி வைத்து, டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தால் எழுத்து தெரியும். 1965 போருக்கு ரக்ஷா பதக்கம், சமர் சேவா நட்சத்திரம்; 1971-க்கு சங்க்ராம் பதக்கம், கிழக்குக்குப் பூர்வி நட்சத்திரம், மேற்குக்குப் பஸ்சிமி நட்சத்திரம். சேவைக் காலத்துக்கும் வீரத்துக்கும் தனித்தனிப் பதக்கங்கள் உண்டு. 9 ஆண்டுப் பதக்கத்தை "வீரப் பதக்கம்" என்று அச்சிட்டால் அவர் கோர்ஸ் மேட்கள் (கூடப் பயிற்சி பெற்றவர்கள்) கண்ணில் முதலில் படுவது அதுதான்.

அந்த கோர்ஸ் மேட்களை ஒரு மாதத்துக்குள் பேசிப் பதிவு செய்யுங்கள். அவர்களுக்கும் வயதாகிவிட்டது. "அவரைப் பற்றிச் சொல்லுங்க அங்கிள்" என்று கேட்டால் "நல்ல மனுஷன்" என்பதோடு நின்றுவிடும். லாக்புக்கிலிருந்து ஒரு தேதியைச் சொல்லி, "அன்னிக்கு நீங்க ரெண்டு பேரும் ஜோர்ஹாட்ல இருந்தீங்களா?" என்று கேட்டால் பேச்சு தானாக வரும். அம்மாவிடமும் அப்படித்தான்: எந்தக் குவார்ட்டர்ஸ், லீவில் ஊருக்கு வர எந்த ரயில், வந்ததும் முதலில் என்ன சாப்பிடக் கேட்பார். ஒரே நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்காரவைக்காதீர்கள்.

"ரகசியம்" என்று முத்திரையிட்ட தாளோ வரைபடமோ கிடைத்தால் படமெடுக்காமல், யாருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பாமல் விமானப்படையிடம் ஒப்படைத்துவிடுங்கள்.

அச்சும் பாதுகாப்பும்

நடுவில் பின் அடிக்கும் மலருக்குப் பக்கங்கள் நான்கின் மடங்காக இருக்க வேண்டும்: 16, 20, 24. சிறு படங்களை 600 டி.பி.ஐ., தாள்களை 300 டி.பி.ஐ. அளவில் ஸ்கேன் செய்யுங்கள். நீங்கள் யூனிகோடில் அடித்துக் கொடுத்ததை அச்சகத்தில் பழைய எழுத்துருவுக்கு மாற்றும்போது "கொ", "கௌ" போன்றவை உடையும். எண்களை லாக்புக்கோடு ஒப்பிட்டு, தாளில் எடுத்த புரூஃபில்தான் திருத்துங்கள்.

ஒட்டும் ஆல்பத்திலிருந்து படங்களை வெளியே எடுத்துவிடுங்கள், பசை மஞ்சளாக்கும். வலுவில் பிய்க்காமல், பல் சுத்தம் செய்யும் மெழுகு நூலை அடியில் செலுத்தி மெல்ல அறுங்கள். பின்பக்கம் பெயர் எழுத மென்மையான பென்சில் போதும், பால்பாயின்ட் அழுத்தம் முன்பக்கம் தெரியும். டெல்டா ஈரத்துக்கும் இராமபாணப் பூச்சிக்கும் தஞ்சை சரசுவதி மகாலில் ஓலைச்சுவடிக்கு வைக்கும் முடிச்சே நல்ல வழி: வசம்பு, கருஞ்சீரகம், கிராம்பு, மிளகு, பட்டை ஆகியவற்றைப் பொடித்து, கற்பூரம் சேர்த்துத் துணியில் கட்டுவது. தாளைத் தொடாமல் பெட்டியின் மூலையில் வையுங்கள். பெட்டி தரையில் இருந்தால் கறையான் ஏறும், சுவரை ஒட்டாத அலமாரியில் மேல்தட்டில் இருக்கட்டும். ஐப்பசி மழைக்கு முன் ஒருமுறை, தை பிறந்ததும் ஒருமுறை பெட்டியைத் திறந்து, லாக்புக்கை நிழலில் விரித்துக் காற்றாட வைத்து, முடிச்சை மாற்றுங்கள்.