நூல் அல்ல, நீர்: மூளை இணைப்பை எம்ஆர்ஐ-யில் ஆராய்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பட்டுநூல் கண்டுக்குச் சிவப்பு, பச்சை, நீலமெனச் சாயமேற்றிப் பிரித்துப் போட்டதுபோல ஒரு மூளைப் படம். மூளை ஆராய்ச்சி பற்றி எங்கே செய்தி வந்தாலும் கூடவே அந்தப் படமும் வந்துவிடுகிறது. எங்கள் ஆய்வகத்தில் சேரும் மாணவர்கள் பலர் அதில் சொக்கித்தான் வருகிறார்கள். நானும் அப்படி வந்தவன்தான். முதல் நாளே படத்தைக் காட்டி, "இதில் ஒவ்வொரு நூலும் என்னப்பா?" என்று கேட்பேன். "நரம்பிழை சார்" என்று தயங்காமல் பதில் வரும். தவறு தொடங்கும் இடம் அதுதான்.

அந்தப் படத்துக்கு அடிப்படையான டிஃப்யூஷன் எம்ஆர்ஐ அளப்பது நீர் மூலக்கூறுகளின் நகர்வை. மூளையின் பகுதிகளை இணைக்கும் நரம்பிழைகள் நிறைந்த வெண்பொருளில் இழைகள் கட்டுக்கட்டாக ஓடுவதால் நீர் இழை நெடுகச் சுலபமாக நகரும். குறுக்கே போனால் முட்டிக்கொள்ளும். இந்த வேறுபாட்டைக் கணக்கில் பிடிக்கும் டென்சர் முறையை 1994-ல் பீட்டர் பேஸர், ஜேம்ஸ் மட்டியெல்லோ, டெனி லெ பியான் மூவரும் தந்தார்கள். படத்தின் மிகச் சிறிய அலகான ஒரு வாக்சல் என்பது வழக்கமாக 2 மில்லிமீட்டர் பக்கமுள்ள கனசதுரம். இழை ஒன்றின் குறுக்களவோ சுமார் ஒரு மைக்ரான். ஆக, ஒரு வாக்சலுக்குள் லட்சக்கணக்கான இழைகள். சாஃப்ட்வேர் ஒவ்வொரு வாக்சலிலும் 'நீர் எந்தப் பக்கம் சுலபமாக ஓடுகிறது' என்று பார்த்து, அந்தத் திசையில் அடுத்த வாக்சலுக்குத் தாவி, கோடு இழுத்துக்கொண்டே போகிறது. அந்தக் கோட்டுக்கு ஸ்ட்ரீம்லைன் என்று பெயர், இப்படிக் கோடு இழுக்கும் முறைக்கு டிராக்டோகிராபி.

10 லட்சம் கோடு கேட்டால் 10 லட்சம் தரும். 20 லட்சம் கேட்டால் 20 லட்சம். அப்படியிருக்க, 'நோயாளிகளிடம் இழைகளின் எண்ணிக்கை குறைந்திருக்கிறது' என்று ஆய்வுக் கட்டுரையில் எழுதுவது எப்படிச் சரியாகும்? கட்டின் நீளம், வளைவு, எங்கிருந்து கோடு தொடங்கினோம் என்பதெல்லாம் அந்த எண்ணை மாற்றிவிடும். இந்தச் சாய்வை ஓரளவு சரிக்கட்டும் முறைகள் இப்போது இருக்கின்றன. எதையும் செய்யாமல் வெறுமனே எண்ணி ஒப்பிடுவது மட்டும் வேண்டாம்.

அடுத்தது எஃப்.ஏ. (ஃபிராக்ஷனல் அனைசோட்ரோபி) என்ற அளவு. நீரின் நகர்வு எவ்வளவு ஒரே திசைப்பட்டது என்பதை 0 முதல் 1 வரை சொல்லும் எண் இது. எப்படியோ இதற்கு 'வெண்பொருளின் ஆரோக்கியம்' என்று அர்த்தம் ஒட்டிக்கொண்டுவிட்டது. எஃப்.ஏ. குறைந்தால் கெட்டது, கூடினால் நல்லது என்ற வாய்ப்பாடு. மூளையில் இரண்டு மூன்று இழைக்கட்டுகள் ஒரே வாக்சலுக்குள் குறுக்கும் நெடுக்குமாகப் போகும் இடங்கள் ஏராளம். வெண்பொருளின் பெரும்பகுதியே அப்படித்தான் என்கின்றன மதிப்பீடுகள். அங்கே எல்லா இழையும் நன்றாக இருந்தாலும் எஃப்.ஏ. குறைவாகத்தான் காட்டும்.

இன்னும் வேடிக்கை, நோய் வந்தால் அது ஏறவும் செய்யும். ஆல்சைமர் நோயின் தொடக்கக் கட்டத்தில் இருந்தவர்களைப் பற்றி 2011-ல் வந்த ஓர் ஆய்வில், குறுக்கிழைகள் உள்ள ஒரு பகுதியில் அவர்களுடைய எஃப்.ஏ. மற்றவர்களைவிட அதிகமாக இருந்தது. காரணம், அங்கே குறுக்கே போகும் ஒரு கட்டு நலிந்துபோக, இயக்கம் சார்ந்த கட்டு ஓரளவு தப்பி நின்றது. இரண்டு சாலைகள் சந்திக்கும் இடத்தில் ஒன்றில் வண்டியே வராமல் போனால், மிச்சமுள்ள போக்குவரத்து ஒரே திசையில் சீராகத்தானே தெரியும்? வாய்ப்பாட்டை நம்பியவர் அதைப் பார்த்து 'நோயாளிக்கு இணைப்பு வலுப்பட்டிருக்கிறது' என்று எழுதியிருப்பார். குறுக்கிழைகளைப் பிரித்துப் பார்க்க வேண்டுமானால் ஒற்றை டென்சர் போதாது. அதற்கேற்ற ஸ்கேனை முன்கூட்டியே திட்டமிட வேண்டும். மூளை இணைப்புகளை வரைபடமாக்கிய அமெரிக்காவின் ஹியூமன் கனெக்டோம் திட்டத்தில் பி-மதிப்பு (நீரின் நகர்வை ஸ்கேன் எவ்வளவு கூர்மையாக உணர்கிறது என்பதைக் குறிக்கும் எண்) 1000, 2000, 3000 என்று மூன்று படிகளில், ஒவ்வொன்றிலும் 90 திசைகளில், 1.25 மில்லிமீட்டர் வாக்சலில் எடுத்தார்கள். நமக்கு அவ்வளவு நேரம் ஸ்கேனர் கிடைக்காது என்பது உண்மைதான். ஆனால் 30 திசை, பி-மதிப்பு 1000 என்று எடுத்துவிட்டு அவர்கள் கேட்ட கேள்விகளையே கேட்கக் கூடாது.

என் சொந்தத் தவறு ஒன்று. எந்தெந்தத் திசையில் அளந்தோம் என்று ஸ்கேனர் ஓர் அட்டவணை தரும். ஒரு ஃபார்மட்டிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது அதில் முன்–பின் அச்சின் குறி மட்டும் மாறிப்போய்விட்டது. எஃப்.ஏ. படம் துல்லியம். வண்ணப் படமும் அப்படியே: இடம்–வலம் போவது சிவப்பு, முன்–பின் பச்சை, மேல்–கீழ் நீலம். எல்லாம் சரியென்று மூன்று வாரம் ஓட்டினேன். எஃப்.ஏ.-க்குத் திசை தேவையில்லை. வண்ணமோ குறியை விட்டுவிட்டு அளவை மட்டும் எடுத்துக்கொள்ளும். அதனால் இரண்டுமே பிழையைக் காட்டிக்கொடுக்காது. கடைசியில், மூளையின் இரண்டு அரைக்கோளங்களை இணைக்கும் கார்பஸ் கலோசத்தின் முன்பகுதியைப் பெரிதாக்கி, ஒவ்வொரு வாக்சலின் திசையையும் குச்சியாகப் போட்டுப் பார்த்தபோதுதான் தெரிந்தது. நெற்றிப் பக்கம் குதிரை லாடம்போல வளைந்து போகவேண்டிய குச்சிகள், அந்த வளைவுக்குக் குறுக்கே மீன்முள்போலக் குத்திக்கொண்டு நின்றன. அன்றிலிருந்து டிராக்டோகிராபி ஓட்டும் முன் இரண்டு நிமிடம் ஒதுக்கி அந்த இடத்தைக் கண்ணால் பார்க்காமல் விடுவதில்லை. தலையசைவைத் திருத்தப் படத்தைச் சுழற்றினால், இந்த அட்டவணையையும் கூடவே சுழற்ற வேண்டும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

தலையசைவு என்றதும் பலர், "அதைத்தான் சாஃப்ட்வேர் திருத்திவிடுமே" என்கிறார்கள். முழுதாகத் திருத்தாது. எந்த வேலையும் தராமல் படுக்கவைத்து மூளையின் ரத்த ஆக்சிஜன் ஏற்ற இறக்கத்தை அளக்கும் ஓய்வுநிலை எஃப்.எம்.ஆர்.ஐ.-யில் ஒருகாலத்தில் ஒரு கருத்து வலுவாக இருந்தது: குழந்தைகள் வளர வளர மூளையில் அருகருகே உள்ள பகுதிகளின் தொடர்பு தளர்ந்து, தொலைவில் உள்ளவற்றின் தொடர்பு வலுப்பெறுகிறது என்று. 2012-ல் வாஷிங்டன் பல்கலைக்கழகக் குழு ஒன்று, அரை மில்லிமீட்டருக்கும் குறைவான அசைவே இதே பாங்கை உண்டாக்கும் என்று காட்டியது. அசைந்தால் அருகிலுள்ள தொடர்பு பொய்யாக ஏறும், தொலைவிலுள்ளது பொய்யாக இறங்கும். குழந்தைகள்தான் பெரியவர்களைவிட அதிகம் அசைகிறார்களே! அந்தக் குழுவைப் பற்றி எனக்குப் பெரிய மரியாதை உண்டு, ஏனென்றால் வளர்ச்சி பற்றிய அந்தக் கருத்தை முன்வைத்தவர்களில் சிலர் அதே குழுவில் இருந்தவர்கள்தான். டிஃப்யூஷனிலும் இதே கதை. ஆட்டிசம் உள்ள குழந்தைகளையும் மற்றவர்களையும் ஒப்பிடும்போது, அசைவில் உள்ள வேறுபாடே இணைப்பில் உள்ள வேறுபாடாக வேஷம் போடும் என்று 2014-ல் ஓர் ஆய்வு காட்டியது.

அதனால் தலையைச் சுற்றிப் பஞ்சுத் திண்டு வைப்பது, குழந்தைகளைப் போலி ஸ்கேனரில் பழக்குவது எல்லாம் சில்லறை வேலைகள் இல்லை. ஒவ்வொருவரும் எவ்வளவு அசைந்தார் என்ற எண்ணை எடுத்து, இரு குழுக்களுக்கும் அது சமமா என்று பாருங்கள். வயது, பாலினத்தோடு சேர்த்து அதையும் அட்டவணையில் போடுங்கள்.

ஸ்கேன் அறையிலேயே செய்யாவிட்டால் பிறகு செய்யவே முடியாத சில வேலைகளும் உண்டு. டிஃப்யூஷன் படம் நெற்றி எலும்புக் குழிகளின் பக்கத்திலும் காதுப் பக்கத்திலும் ரப்பரை இழுத்ததுபோல நெளிந்து வரும். படம் பதியும் திசையை எதிராக மாற்றி இன்னொரு சின்ன ஸ்கேன் எடுத்து வைத்தால் அதை நிமிர்த்திவிடலாம். ஒரு நிமிடத்துக்கு மேல் பிடிக்காது. நோயாளிகளை மருத்துவமனையின் பழைய 1.5 டெஸ்லா கருவியிலும் ஒப்பீட்டுக் குழுவை வேறிடத்தில் 3 டெஸ்லா கருவியிலும் எடுத்தால், நோயின் வேறுபாட்டைக் கருவியின் வேறுபாட்டிலிருந்து பிரிக்க எந்தப் புள்ளியியலாலும் முடியாது. இடம்–வலம் மாறிப்போவது பற்றித் தனியாகச் சொல்லவேண்டியதில்லை. வலது பக்க நெற்றியில் ஒரு வைட்டமின் ஈ மாத்திரையை ஒட்டிவிடுங்கள், எம்ஆர்ஐ-யில் பளிச்சென்று தெரியும்.

'இணைப்பு' என்ற சொல்லே ஏமாற்றுக்காரச் சொல். ஓய்வுநிலை எஃப்.எம்.ஆர்.ஐ.-யில் இரண்டு பகுதிகளின் ரத்த ஆக்சிஜன் ஏற்ற இறக்கம் ஒத்துப்போனால் அதைச் செயல் இணைப்பு என்கிறோம். 1995-ல் பரத் பிஸ்வாலும் அவருடைய சகாக்களும், கையைக்கூட அசைக்காமல் படுத்திருப்பவரின் இடது, வலது இயக்கப் பகுதிகள் ஒத்துப்போவதைக் காட்டியதிலிருந்து வந்த துறை இது. நடுவில் நேரடிக் கம்பி ஓடுகிறது என்று இதற்குப் பொருளில்லை. அந்தக் கார்பஸ் கலோசமே இல்லாமல் பிறந்தவர்களிடமும் இடம்–வலம் ஒத்துப்போதல் இருப்பதை 2011-ல் காட்டிவிட்டார்கள். வேறு சுற்றுவழி இருக்கலாம். இரண்டுக்கும் பொதுவான மூலம் இருக்கலாம். கம்பி வரைபடத்தையும் ஒத்திசைவு வரைபடத்தையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்து, பொருந்தாத இடத்தையெல்லாம் பிழை என்று அடிப்பதும் தவறு. பொருந்திய இடத்தையெல்லாம் நிரூபணம் என்பதும் தவறு.

"நாலு குழு தனித்தனியாகச் செய்தும் அதே பாதை வந்தது" என்பதையும் அப்படியே ஏற்கவேண்டாம். 2017-ல் வெளியான ஒரு போட்டியில், விடை தெரிந்த 25 இழைக்கட்டுகளை வைத்து உருவாக்கிய செயற்கைத் தரவை 20 ஆய்வுக் குழுக்களிடம் கொடுத்தார்கள். மொத்தம் 96 முடிவுகள் வந்தன. உண்மையான கட்டுகளில் பெரும்பாலானவற்றை ஓரளவாவது கண்டுபிடித்திருந்தார்கள். கூடவே, இல்லாத கட்டுகளை அதைவிட அதிகமாக வரைந்திருந்தார்கள். என்னைத் தூக்கிவாரிப் போட்டது வேறு: அந்தப் பொய்க் கட்டுகளில் ஏறக்குறைய பாதி, பல குழுக்களுக்கும் பொதுவாக வந்தவை. எல்லோரும் ஒரே இடத்தில் சறுக்கினார்கள்.

ஆள் எண்ணிக்கை பற்றி ஒரு வார்த்தை. மூளை அளவுகளை அறிவுத்திறன், மனநிலை போன்றவற்றோடு தொடர்புபடுத்தும் ஆய்வுகளை 2022-ல் சுமார் 50,000 பேரின் தரவை வைத்துச் சோதித்தார்கள். திரும்பச் செய்தாலும் நிலைக்கும் முடிவு வேண்டுமானால் ஆயிரக்கணக்கானோர் தேவை என்று தெரிந்தது. அந்தத் துறையில் வழக்கமாக இருந்ததோ 25 பேர் அளவு. இதற்காக 30 பேரை வைத்துச் செய்யும் ஆய்வெல்லாம் வீண் என்று சொல்வதும் மிகை. பக்கவாதம்போல விளைவு பெரிதாக இருக்கும் இடங்களிலும், ஒரே ஆளைத் திரும்பத் திரும்ப அளக்கும் ஆய்விலும் கணக்கு வேறு.

அறுவை சிகிச்சை வரை போகும் தவறு ஒன்று இருக்கிறது. மூளைக்கட்டி உள்ள ஒருவரின் டிராக்டோகிராபியில், கைகால் இயக்கப் பாதை கட்டியின் அருகே வந்து சட்டென்று நின்றுவிடுகிறது. பாதை அறுந்துபோனது, இனி அங்கே வெட்டலாம் என்று படம் சொல்வதுபோல இருக்கும். ஆனால் கட்டியைச் சுற்றி நீர் கோத்து வீங்கியிருந்தால் அங்கே எஃப்.ஏ. விழும், சாஃப்ட்வேரோ, நாம் 0.2 என்று எல்லை வைத்திருந்தால் அதற்குக் கீழே கோட்டை நிறுத்திவிடும். அதே தரவில் எல்லையை 0.1-க்கு இறக்கிப் பாருங்கள். பல சமயம் கோடு வீக்கத்தைத் தாண்டி மறுபக்கம் போய்ச் சேரும். அதிலும் சில பொய்க் கோடுகள் இருக்கும். அதனால்தான் மேசைக்கு வந்தபிறகும் அறுவை நிபுணர் அந்த இடத்தில் மின்தூண்டல் கொடுத்து, நோயாளியின் விரல் துடிக்கிறதா என்று பார்த்துவிட்டே கத்தியை வைக்கிறார்.