கிட்டார் டேப்: எண் சரி, தாளம் எங்கே?

டேப் என்பது கிட்டாரின் ஆறு கம்பிகளையும் ஆறு கோடுகளாக வரைந்து, எங்கே அழுத்த வேண்டும் என்பதை எண்ணால் காட்டும் குறிப்பு. கீழ்க் கோடுதான் தடித்த கம்பி, எண் குறிப்பது விரலை அல்ல, ஃப்ரெட்டை (கழுத்தின் குறுக்கே உள்ள உலோகப் பட்டைகள் பிரிக்கும் கட்டம்). இதெல்லாம் ஓரிரு வகுப்பிலேயே எல்லாருக்கும் பிடிபட்டுவிடுகிறது. அவற்றை விட்டுவிட்டு, அதற்குப் பிறகும் நடக்கும் தவறுகளைச் சொல்கிறேன்.

எண்ணை மட்டும் படிப்பது

இணையத்தில் கிடைக்கும் எழுத்து டேப்பில் எந்தக் கம்பி, எந்த ஃப்ரெட் என்பது இருக்கும். ஸ்வரம் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பது பெரும்பாலும் இருக்காது. எண்களுக்கு நடுவே விட்டிருக்கும் இடைவெளியையும் நம்ப முடியாது. எழுதியவர் இஷ்டத்துக்கு விட்டிருப்பார்.

பீத்தோவனின் ஒன்பதாம் சிம்பனி மெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மெல்லிய கம்பியில் 0, 0, 1, 3 என்று தொடங்கும் முதல் வரி 0, 3, 3 என்று முடியும் (0 என்றால் எதையும் அழுத்தாத திறந்த கம்பி). அந்த இரண்டு 3-ம் அடுத்த கம்பியில். தாளில் மூன்றும் ஒரே மாதிரி தெரிகின்றன. ஆனால் 0 ஒன்றரை பீட் (தாளத் தட்டு), முதல் 3 அரை பீட், கடைசி 3 இரண்டு பீட். புதியவர்கள் மூன்றையும் சமமாகத் தட்டிவிட்டுப் போகிறார்கள்.

கல்லூரி மாணவர் ஒருவர் ஒரு பாட்டின் இடையிசையை டேப் பார்த்து வீட்டிலேயே மனப்பாடம் செய்துவிட்டு வந்தார். ஓர் எண்கூடத் தப்பில்லை. நண்பர் கஹோனில் (பெட்டி வடிவத் தாளக் கருவி) தாளம் பிடித்ததும் இரண்டாவது வரியிலேயே தடுமாறி நின்றுவிட்டார். திருத்த உட்கார்ந்தால் விரல் பழைய ஓட்டத்துக்கே போகிறது. புதிதாகக் கற்பதைவிட, பழகிப்போனதைக் கலைப்பதற்குத்தான் அதிக நாள் பிடித்தது. “முதலில் எண்ணைப் படி, தாளம் தானாக வரும்” என்று யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். வராது. இந்த அறிவுரையைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வருகிறது.

கிட்டாரைத் தொடுமுன் பாட்டைக் கேளுங்கள், வாயால் முனகுங்கள், காலால் தட்டுங்கள். டேப்பின் கீழே பென்சிலால் 1, 2, 3, 4 குறியுங்கள். பிறகு இடது கையை எடுத்துவிட்டு, திறந்த கம்பி ஒன்றில் தாளத்தை மட்டும் மீட்டுங்கள். சீராகத் தட்டிக் காட்டும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 தட்டில் வைத்து, அதில் தாளம் பிசகாமல் நின்ற பிறகே ஃப்ரெட்டுக்குப் போங்கள்.

எழுதியிருக்கும் இடத்தை அப்படியே நம்புவது

மெல்லிய கம்பியின் 0-ம் அடுத்த கம்பியின் 5-ம் ஒரே ஸ்வரம்தான். டேப் 2-ஆவது ஃப்ரெட்டிலிருந்து 9-க்குத் தாவி உடனே திரும்பினால், பக்கத்திலேயே அதே ஸ்வரம் இருக்கிறதா என்று தேடுங்கள்.

கேப்போ

எல்லாக் கம்பிகளையும் ஒரே ஃப்ரெட்டில் அழுத்திப் பிடிக்கும் கிளிப் இது. இதை மாட்டினால் எண்ணிக்கை கேப்போவிலிருந்து தொடங்கும். கேப்போ 2-இல் இருந்தால், டேப்பில் உள்ள 3 உண்மையில் ஐந்தாவது ஃப்ரெட்.

ட்யூனிங்

கம்பிகளை எந்தச் சுருதியில் வைக்க வேண்டும் என்று பெரும்பாலும் டேப்பின் தொடக்கத்திலேயே எழுதியிருப்பார்கள். படியுங்கள்.