'கெற்' வந்தால் பக்கத்துச் சொல்லைப் பாருங்கள்

ஆங்கில வசனத்தில் 'கெற்' வந்தால் உடனே அகராதியைத் திறக்காமல், அதற்கு அடுத்து நிற்கும் சொல்லைப் பாருங்கள். பெயர்ச்சொல் என்றால் பெரும்பாலும் கிடைப்பது, வாங்குவது: 'கெற் எ லெற்றர்', கடிதம் கிடைப்பது. பெயரடை என்றால் நிலை மாறுவது: 'கெற் வெற்', நனைவது. 'ரு' வந்து ஊர்ப்பெயர் வந்தால் போய்ச் சேர்வது: 'கெற் ரு ஜஃப்னா', யாழ்ப்பாணம் வந்து சேர்வது.

நம் 'படு' மாதிரித்தான் இதுவும். கோபப்படு, வெட்கப்படு, அடிபடு என்பவற்றில் பொருளை முன்னால் நிற்கும் சொல் சுமக்கிறது. ஆங்கிலத்தில் அது பின்னால் வருகிறது, அவ்வளவுதான். சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு இதை முதலில் சொல்லிக்கொடுங்கள். அகராதியில் இந்தச் சொல்லுக்கு இருக்கும் நீண்ட பட்டியலைப் பார்த்தே பலர் களைத்துப்போகிறார்கள்.

'அப்', 'ஓவர்', 'அலோங்' போன்றவை ஒட்டிக்கொண்டால் இந்த வழி சரிவராது. 'கெற் அப்' எழும்புவது. 'கெற் ஓவர்' துக்கத்திலிருந்தோ வருத்தத்திலிருந்தோ மீள்வது. 'கெற் அலோங்' ஒத்துப்போவது. இவற்றை முழுச்சொல்லாகவே கொப்பியில் எழுதிப் பாடமாக்க வேண்டும். 'ஐ கெற் இற்' என்று தனியாகச் சொன்னால், அப்புறம் யோசிக்கவே தேவையில்லை: பெரும்பாலும் 'எனக்கு விளங்குது' என்பதுதான்.