மெதிச்சி குடும்பத்தைப் பற்றிய படநூல்: வடிவமைப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இத்தாலியின் புளோரன்ஸ் நகரில் வங்கித் தொழிலால் செல்வமும் அதிகாரமும் பெற்ற மெதிச்சி குடும்பம் கலைக்கு விட்டுச்சென்ற செல்வத்தைப் படநூலாகக் கொண்டுவர முனைவோருக்கு, அட்டைக்கென்று முதலில் தோன்றுவது பெரும்பாலும் மைக்கேலாஞ்சலோவின் தாவீது சிலைதான். தவறு அங்கேயே தொடங்கிவிடுகிறது. மெதிச்சிகள் 1494இல் நகரைவிட்டு விரட்டப்பட்டு, 1512இல்தான் திரும்பினார்கள். தாவீது சிலையோ 1501க்கும் 1504க்கும் இடையில், அவர்கள் இல்லாத குடியரசுக் காலத்தில், பேராலயப் பணிகளைக் கவனித்த குழு கேட்டுக்கொண்டபடி செதுக்கப்பட்டு, அரசு மாளிகையின் வாசலில் நிறுத்தப்பட்டது. உள்ளே எவ்வளவு கவனமாக எழுதியிருந்தாலும், அந்த அட்டை பொய் சொல்லிவிடும். தாவீதுதான் வேண்டுமென்றால், சிற்பி தொனாத்தெல்லோவின் வெண்கலத் தாவீது இருக்கிறது. மெதிச்சி மாளிகையின் முற்றத்தில் நின்ற அச்சிலையை, அவர்கள் வெளியேறிய பின் 1495இல் குடியரசு தன் மாளிகைக்கு எடுத்துச் சென்றது. அந்த இடமாற்றமே குடும்பத்தின் ஏற்ற இறக்கத்தைப் பாதி சொல்லிவிடும்.

படநூலில் பெரும்பாலான வாசகர்கள் முதலில் படிப்பது படக்குறிப்புகளைத்தான். பிழைகள் மலிவதும் அங்கேதான். குடும்பத்தினரின் கல்லறைகள் உள்ள சான் லொரென்சோ ஆலயத்தின் புதிய அறையில் தலைக்கவசத்துடன் சிந்தனையில் ஆழ்ந்து அமர்ந்திருக்கும் சிலைக்குக் கீழே குடும்பத்தின் புகழ்பெற்ற தலைவரான ‘மாட்சிமிகு லொரென்சோ’வின் பெயரைப் போட்டுவிடுகிறார்கள். அது அவருடைய பேரன், 1519இல் இறந்த உர்பினோ கோமகன் லொரென்சோ. 1492இல் மறைந்த தாத்தா அதே அறையில், மாதா சிலைக்குக் கீழே, தனக்கென்று சிலை ஏதுமின்றித் தம்பி ஜூலியானோவுடன் அடக்கமாகியிருக்கிறார். போட்டிசெல்லியின் ‘இளவேனில்’ ஓவியமும் அப்படித்தான்: 1499ஆம் ஆண்டுச் சொத்துப் பட்டியல் அதை மாட்சிமிகு லொரென்சோவின் வீட்டில் காட்டவில்லை, அதே பெயருடைய உறவினரின் குடும்ப வீட்டில்தான் காட்டுகிறது. ஆண்டுகளுடன் கூடிய வமிசப் படம் ஒன்றை நூலின் முகப்பிலேயே வைத்துக்கொண்டு, ஒவ்வொரு குறிப்பையும் அதனுடன் ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் நான் நம்பும் வழி.

அலங்காரத்துக்காகச் சேர்க்கும் குடும்பச் சின்னமும் காலத்தைக் காட்டிக்கொடுக்கும். அச்சின்னத்தின் உருண்டைகளில் லில்லி மலர் பொறித்த நீல உருண்டை, 1465இல் பிரெஞ்சு மன்னர் பதினொன்றாம் லூயி அளித்த உரிமை. மாட்சிமிகு லொரென்சோவின் தாத்தாவான, 1464இல் இறந்த மூத்த கோசிமோவின் அத்தியாயத்தில் அதைப் போடக் கூடாது.

அடுத்தது பக்க அமைப்பு. குழந்தை இயேசுவைக் காணச் செல்லும் மூவரசர் ஊர்வலமாக ஓவியர் பெனொத்சோ கொத்சோலி 1459இல் தீட்டத் தொடங்கிய சுவரோவியம், மெதிச்சி மாளிகையின் சிற்றாலயச் சுவர்களைச் சுற்றி நீள்கிறது. அதை இரண்டு பக்கங்களுக்குப் பரப்பும்போது, வெள்ளைக் குதிரையில் வரும் இளம் அரசனின் முகம் நடுமடிப்பில் விழுந்தால், பசை மட்டும் வைத்துக் கட்டிய புத்தகத்தில் மூக்கும் ஒரு கண்ணும் காணாமல் போகும். மடிப்பு எங்கே விழும் என்று முதலில் அளந்து, ஆளில்லாத மலைச்சரிவு அங்கே வரும்படி படத்தை நகர்த்த வேண்டும். மடித்த தாள்களை பாரம் பாரமாக, அதாவது தொகுதி தொகுதியாகத் தைத்துக் கட்டினால் நூல் நன்றாக விரியும். அந்த இளைஞனை மாட்சிமிகு லொரென்சோவின் நேர் உருவப்படம் என்று குறிப்பதும் தவறு, அப்போது லொரென்சோவுக்கு வயது பத்துதான்.

எல்லாப் படங்களையும் ஒரே அளவில் வைப்பது இன்னொரு பிழை. ஐந்து மீட்டருக்கு மேல் உயர்ந்த மைக்கேலாஞ்சலோவின் தாவீதை ஒப்பிடுவதற்காக உள்ளே காட்டினால், 158 செ.மீ. வெண்கலத் தாவீது அதன் அருகில் எவ்வளவு சிறியது என்பது கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

வண்ணத்தில் கவனம் இன்னும் கூடுதலாக வேண்டும். ‘இளவேனில்’ 1982இல் தூய்மைப்படுத்தப்பட்டது. அதற்கு முந்தைய படங்களில் பழைய வார்னிஷின் மஞ்சள் படிந்திருக்கும். ஓவியர் புரொன்சீனோ தீட்டிய, கோமகன் முதலாம் கோசிமோவின் மனைவி எலெயனோராவின் உடையில் வெள்ளைப் பட்டின்மேல் கருங்கொடிகளும் பொன்னிழைகளும் பின்னிக் கிடக்கின்றன. மை உறிஞ்சும் தாளில் கறுப்பு சற்றுக் கூடினாலும் அந்தக் கொடிகள் அப்பிக்கொண்டு ஒரே கறையாகிவிடும். கணினித் திரையை நம்பாமல், அச்சிடப்போகும் அதே தாளில் புரூஃப் (மாதிரி அச்சு) எடுத்துப் பார்த்த பிறகே ஒப்புதல் தர வேண்டும். ஓவியர்கள் இறந்து பல நூற்றாண்டு ஆகிவிட்டதே என்று உரிமத்தை மறந்துவிடவும் கூடாது: இத்தாலிய அரசு அருங்காட்சியகப் பொருள்களின் படங்களை வணிக நோக்கில் வெளியிட, அந்நாட்டின் 2004ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுமதியும் கட்டணமும் தேவைப்படலாம்.

நூலை மாட்சிமிகு லொரென்சோவின் மரணத்தோடு முடித்துவிடுவதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு. குடும்பத்தின் கடைசி வாரிசான அன்னா மரியா லூயிசா, 1737இல் செய்துகொண்ட உடன்படிக்கையின் வழியாக, முன்னோர் சேர்த்த ஓவியங்களும் சிலைகளும் நூல்களும் புளோரன்ஸை விட்டு என்றும் வெளியே போகக் கூடாது என்று உறுதி செய்தார். கடைசி பாரத்தில் அவருக்கு ஒரு முழுப்பக்க உருவப்படத்தையும், எதிர்ப்பக்கத்தில் அந்த உடன்படிக்கையையும் வைக்கலாம்.