காண்டாவன (அக்கினி நட்சத்திர) வெயிலுக்கு வளவுக்குள்ள குருவி, அணிலுக்குத் தண்ணி வைக்கிறது எப்பிடி

யாழ்ப்பாணத்தில பெரிய ஆறு எண்டு ஒண்டும் இல்லை, வழுக்கியாறும் மாரிக்குத்தான் ஓடும். எங்களுக்குக் கிணறு இருக்கு, ஆனா புலுனிக் குருவியும் அணிலும் கீரியும் கிணத்துக்குள்ள இறங்கிக் குடிக்கேலாதே. அதால காண்டாவனம் தொடங்க முதலே வைக்கத் தொடங்குங்கோ, தொடங்கினா ஐப்பசி மழை வரும்வரைக்கும் இடையில விடாதேங்கோ, அதுகள் அந்த இடத்தை நம்பி வரப் பழகீடும்.

வாளி, ஆழமான பேசின் வேண்டவே வேண்டாம். போன வருசம் எங்கட கிணத்தடியில அரை வாளித் தண்ணிக்குள்ள ஒரு அணில்குஞ்சு செத்துக் கிடந்தது, பிளாஸ்ரிக்கில நகம் பிடிக்காது, சுத்திச் சுத்தி நீந்திக் களைச்சிருக்கும், இண்டைக்கும் நினைச்சா மனம் கேக்காது. இப்ப அகலமான மண்சட்டிதான், தண்ணி ரெண்டு இஞ்சிக்கு மேல விடுறேல்லை, நடுவில ஒரு முருகைக்கல்லு தலை நீட்டிக்கொண்டிருக்கும், குருவி அதில நிண்டு குடிக்கும், தேனீ கல்லின்ர ஈரத்தையே உறிஞ்சீட்டுப் போகும். விளிம்புக்கு ஒரு தடியும் சாத்திவிடுங்கோ, ஓணான் விழுந்தாலும் ஏறி வந்திடும்.

வேம்பு நிழல் நல்லம், ஆனா வேலிக்கும் பத்தைக்கும் பக்கத்தில வைக்காதேங்கோ, பூனை பதுங்கி இருக்கும். ஏழெட்டு அடி வெளி விடுங்கோ.

ரெண்டு நாளைக்கு ஒருக்கா தண்ணியை வாழைக்கு ஊத்திப்போட்டு சட்டியைத் தேங்காய்ப் பொச்சால நல்லா உரஞ்சுங்கோ, சோப் வேண்டாம். சும்மா ஊத்தினா மட்டும் காணாது, டெங்கு நுளம்பின்ர முட்டை தண்ணி மட்டத்துக்குக் கொஞ்சம் மேல சுவரில ஒட்டிக்கொண்டு, காஞ்சு மாசக்கணக்கில கிடந்தும் திருப்பித் தண்ணி பட்டாப் பொரிக்கும்.

ஆடு மாட்டுக்கும் சேத்து சீமெந்துத் தொட்டி கட்டுறதெண்டா ஒரு பக்கத்தைச் சாய்வா விடுங்கோ, உள்ளுக்கு வழுவழுப்பாப் பூசாதேங்கோ. புதுச் சீமெந்துக் காரம் போக ஒரு கிழமைக்கு மேல தண்ணி நிரப்பி நிரப்பி வெளியில விடவேணும், அதுவரைக்கும் மேல மூடி வையுங்கோ. கட்ட முதல் உங்கட ஊர் றோட்டுக்கரையை ஒருக்காப் பாருங்கோ, மாடுகள் உடம்பு உரஞ்ச நட்ட ஆவுரஞ்சிக்கல்லுக்குப் பக்கத்தில பழைய ஆக்கள் கட்டின தொட்டி குப்பை நிறைஞ்சு கிடக்கும், அனேகமா வெடிப்பை அடைச்சுத் துப்புரவாக்கினாலே காணும்.