நாகசுர வித்வானிடம் நேர்காணல் எடுப்பது எப்படி: முதல்முறை செல்பவர்களுக்கு

இசைப் பத்திரிகையாளருக்கும் கலைஞருக்கும் உள்ள உறவு எப்படிப்பட்டது என்பது, கட்டுரை வெளிவந்த பிறகும் அவர் நம் தொலைபேசி அழைப்பை எடுக்கிறாரா என்பதில் தெரிந்துவிடும். என் தவறால் ஒரு வித்வானின் நம்பிக்கையை இழந்து, மூன்று ஆண்டுகளுக்குப் பின்னர் அதைத் திரும்பப் பெற்றவன் நான். தஞ்சை வட்டாரத்து நாகசுரக் கலைஞர்களைச் சந்திக்கச் செல்லும்போது இப்போது கடைப்பிடிக்கும் முறையை இங்கே எழுதுகிறேன். கேள்வி தயாரிப்பதும் கட்டுரையைத் தொகுப்பதும் உங்களுக்குத் தெரிந்தவை என்று கொள்கிறேன்.

படி 1: நாள் குறித்தல்

சபாக்களில் பாடுபவர்களை மார்கழியில் தொந்தரவு செய்யக் கூடாது. நாகசுரக் கலைஞரின் நாட்காட்டி வேறு. முகூர்த்த மாதங்களில் அவர் விடிவதற்கு முன்பே கல்யாண மண்டபத்தில் இருப்பார். உற்சவ நாட்களில் சுவாமி புறப்பாட்டுடன் இரவெல்லாம் வீதியில் நின்று வாசித்திருப்பார். திருமணங்கள் இல்லாத ஆடியில், அம்மன் கோயில் வேலையும் இல்லாத ஒரு மாலையைக் கேளுங்கள்.

படி 2: விளிக்கும் முறை

அவருடைய மகனிடமோ சீடரிடமோ முதலில் பேசி, மற்றவர்கள் அவரை எப்படி அழைக்கிறார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். பெரும்பாலும் ‘ஐயா’ அல்லது ‘அண்ணே’ என்றுதான் இருக்கும். சென்னைச் சபா வட்டத்தில் பழகிய ‘மாமா’ என்ற விளிப்பை இங்கே கொண்டுவராதீர்கள். அது வேறொரு வீட்டு வழக்கம்.

படி 3: கேட்டுவிட்டுப் போதல்

ஒருமுறையேனும் அவர் கோயிலில் வாசிப்பதைக் கேளுங்கள். புறப்பாட்டின்போது வாசிக்கும் மல்லாரி என்ற இசை ஒலிப்பதைக் கேட்காமல், ஒலிப்பதிவை மட்டும் நம்பிச் செல்வது போதாது. நாகசுர வகைகளில் திமிரி நாயனம் நீளம் குறைந்தது, சுருதி உயர்ந்தது. பாரி நாயனம் நீண்டது, சுருதி தாழ்ந்தது. பாரியைப் பரவலாக்கியவர் டி.என். ராஜரத்தினம் பிள்ளை. இவ்வளவு தெரிந்து சென்றால், ‘உங்கள் வாத்தியத்தைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்ற வெற்றுக் கேள்வியைக் கேட்க மாட்டீர்கள். நான் எப்போதும் சீவாளியிலிருந்து (ஊதுவதற்கு வாயில் வைக்கும் நாணல் துண்டு) தொடங்குவேன். யார் செய்து தருகிறார்கள், எத்தனை நாள் உழைக்கிறது, கச்சேரி நடுவில் பிளந்துவிட்டால் என்ன செய்வார் என்று கேட்டால் எவ்வளவு கூச்சமுள்ளவரும் பேசத் தொடங்கிவிடுவார்.

படி 4: பதிவு

கைப்பேசியைவிடத் தனி ஒலிப்பதிவுக் கருவியே மேல் என்பது என் உறுதியான கருத்து. மடித்த துண்டின் மேல் வைத்தால் தரையின் அதிர்வு பதிவாகாது. சட்டையில் குத்தும் மைக் வேண்டாம், அங்கவஸ்திரம் உரசும் ஒலி பேச்சை மூடிவிடும். தானாக எழுத்தாக்கும் செயலிகள் சீவாளி, மல்லாரி, ஒத்து (சுருதிக்காக உடன் ஊதும் குழல்) போன்ற சொற்களை வேறு சொற்களாக மாற்றிவிடுவதால், கேட்டுக் கேட்டுக் கையால் எழுதுவதையே விரும்புகிறேன்.

படி 5: கருவியை நிறுத்திய பிறகு

நான் தவறியது இங்கேதான். ஒரு மணி நேரப் பேச்சு முடிந்து கருவியை நிறுத்தியதும், அந்த வித்வானின் மனைவி காப்பி கொண்டுவந்தார். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, வித்வான் அதுவரை பேசியதைவிட மனம் திறந்து, தம்முடன் பல ஆண்டுகள் தவில் வாசித்தவரோடு ஓர் உற்சவத்தில் சம்பளப் பங்கீட்டில் எழுந்த வருத்தத்தைச் சொன்னார். கட்டுரையிலேயே உயிருள்ள பகுதி அதுதான் என்று எண்ணி, பெயரை மட்டும் விட்டுவிட்டு அதை எழுதினேன். ஊரும் உற்சவமும் இருந்ததால், அந்த வட்டாரத்தில் அனைவருக்கும் ஆள் தெரிந்துவிட்டது. தவில்காரர் அவருடன் வாசிப்பதை நிறுத்திக்கொண்டார். வித்வான் என்னிடம் ஒரு சொல்கூடக் கடிந்து பேசவில்லை. அழைப்பை எடுப்பதை மட்டும் நிறுத்திவிட்டார். எழுதியதில் பொய் இல்லை. ஆனால் அவர் பத்திரிகையாளரிடம் அதைச் சொல்லவில்லை, தம் வீட்டில் காப்பி குடித்துக்கொண்டிருந்த ஒருவனிடம் சொன்னார். ஆண்டுதோறும் அந்த உற்சவத்துக்குச் சென்று கூட்டத்தில் நின்று கேட்டேன். மூன்றாம் ஆண்டு வாசிப்பு முடிந்ததும் அருகில் வந்து, ‘சாப்பிட்டாச்சா?’ என்றார்.

இப்போது செய்வது இதுதான்: கருவியை நிறுத்தும்போது, ‘இனிமேல் பேசுவது நமக்குள்’ என்று வாய்விட்டுச் சொல்கிறேன். அதற்குப் பின் வந்த ஒரு செய்தி கட்டுரைக்கு வேண்டுமென்றால், விடைபெறும் முன், அது எந்தச் செய்தி என்று குறிப்பிட்டு, எழுதலாமா என்று கேட்கிறேன். மூன்றாமவர் ஒருவர் அதில் வந்தால், அவர் வீட்டுக்கும் போய்க் கேட்காமல் எழுதுவதில்லை.

படி 6: அச்சுக்கு முன்

முழுக் கட்டுரையையும் அனுப்பாதீர்கள். அவர் சொன்னதாக வரும் வரிகளையும், குரு, ஊர், ராகப் பெயர்களையும் தொலைபேசியில் படித்துக் காட்டித் திருத்திக்கொள்ளுங்கள். வாசிப்பைப் பற்றிய உங்கள் மதிப்பீடு உங்களுடையதாகவே இருக்கட்டும்.

பின்சேர்க்கை 1: நாகசுரக் குடும்பத்து வாசகி ஒருவர், நான் விட்டுவிட்ட ஒன்றைச் சுட்டிக்காட்டினார். ‘கொஞ்சம் வாசித்துக் காட்டுங்கள்’ என்று அந்த இடத்தில் கேட்பது சிறு வேண்டுகோள் அல்ல. சீவாளியை நனைத்துப் பதப்படுத்த வேண்டும், சுருதி சேர்க்க வேண்டும், மேலும் அது அவருடைய தொழில். வாசிப்பைப் பதிவு செய்ய வேண்டுமானால் நாள் குறிக்கும்போதே சொல்லி, அதற்கான சன்மானத்தையும் பேசிவிடுங்கள்.

பின்சேர்க்கை 2: வீட்டில் உணவருந்திய பிறகு அதே கலைஞரின் கச்சேரியை விமரிசிக்கலாமா என்று பலர் கேட்டார்கள். ‘கர்நாடகம்’ என்ற பெயரில் இசை விமரிசனம் எழுதிய கல்கி, 1941-ல் எம்.எஸ். சுப்புலட்சுமியின் கணவர் சதாசிவத்துடன் சேர்ந்தே பத்திரிகை தொடங்கினார். அந்த நெருக்கம் வாசகர்களுக்கு மறைக்கப்பட்டதல்ல. நான் நேர்காணல் வெளிவந்த ஓராண்டுக்கு அந்தக் கலைஞரின் கச்சேரியை விமரிசிப்பதில்லை. அதன் பின் எழுதினால், பழக்கம் உண்டு என்பதை முதல் பத்தியிலேயே சொல்லிவிடுகிறேன்.